ஐ.சி.யூ.வில் மாறாட்டம்: வாசகர் கேள்வி-பதில்

அப்பாவுக்கு நியூமோனியா. ஐ.சி.யூ.வில் மூன்றாம் நாள் என்னையே தெரியவில்லை. இரவில் "செல் வருது, பங்கருக்குள்ள இறங்கு" என்று கத்தினாராம். அறளை பெயர்ந்துவிட்டதா? (கிளிநொச்சி)

அவசரப்பட வேண்டாம். அறளை மாதக்கணக்கில் மெல்ல வருவது. இது ஓரிரு நாளில் வந்து, பகலில் தெளிந்து, பொழுதுபடக் கூடும். டெலிரியம் என்கிறோம், பழைய ஆட்கள் சன்னி என்பார்கள். தொற்று, ஒட்சிசன் குறைவு, நித்திரையின்மை, சில மயக்க மருந்துகள் எல்லாம் காரணமாகலாம். பெரும்பாலும் நோய் தணியத் தணியத் தெளியும். "செல் வரேல்லை" என்று வாதாடாதீர்கள். அவருக்கு அந்தப் பயம் உண்மை. கையைப் பிடித்து, நீங்கள் யார், அவர் எங்கே இருக்கிறார் என்று சொல்லுங்கள். அவருடைய மூக்குக்கண்ணாடியை மறக்காமல் கொண்டுபோங்கள்.

நான் தாதி. வென்டிலேட்டரில் இருப்பவர் பேசமாட்டாரே, எப்படிப் பார்ப்பது? (வவுனியா)

பேச்சே தேவையில்லை, தங்கச்சி. முதலில் ராஸ் அளவு, அதாவது எவ்வளவு விழிப்பாக இருக்கிறார் என்று காட்டும் எண். மைனஸ் 4, 5 என்றால் ஆழ்ந்த மயக்கம், பிறகு பாருங்கள். அதற்கு மேலே என்றால் பத்து எழுத்து சொல்லி, 'அ' வரும்போது மட்டும் கையை அழுத்தச் சொல்லுங்கள். இரண்டுக்கு மேல் பிழை விட்டால் கவனம் சிதறியிருக்கிறது. அதோடு திடீர் மாற்றமும், விழிப்புநிலையிலோ சிந்தனையிலோ குழப்பமும் இருந்தால் டெலிரியம்தான். ஒவ்வொரு டியூட்டியிலும் பாருங்கள்.

கத்துகிறவரை எல்லோரும் கவனிப்பார்கள். எனக்குப் பயம் டெலிரியம் வந்தும் சத்தமில்லாமல் கிடப்பவரைப் பற்றித்தான். ஒட்டுசுட்டான் பக்கத்துக் கமக்காரர் ஒருவரைப் பற்றி 'அமைதியாக உள்ளார்' என்றே இரண்டு நாள் எழுதப்பட்டிருந்தது. கிட்டப்போய்ப் பார்த்தேன்: வயலில் புல்லுப் பிடுங்குவதுபோல விரல்கள் போர்வையைப் பிடுங்கிக்கொண்டிருந்தன. அடிவயிறு கல்லாக இருந்தது. சலம் (சிறுநீர்) போகாமல் கட்டியிருந்தது. குழாய் போட்டு எடுத்த மறுநாள், மாடு கட்டியாச்சா என்று மகனைக் கேட்டார்.

தம்பி பயிருக்கு அடிக்கும் மருந்தைக் குடித்துவிட்டான். அட்ரோப்பின் ஏறுகிறது. காற்றில் எதையோ பிடிக்கிறான். (முல்லைத்தீவு)

உடனே தாதியிடம் சொல்லுங்கள். அந்த நஞ்சுக்கு அட்ரோப்பின் உயிர் காக்கும் மருந்து; ஆனால் அளவு மிஞ்சினால் இப்படி அலட்டுவார்கள். உடம்பு சுடும், தோல் காயும், கண்மணி விரியும், குடற்சத்தம் அடங்கும். அப்போது மருந்தைச் சற்று நிறுத்தி, குறைத்துத் தொடங்குவார்கள். இன்னொன்று: அவர் தினமும் குடிப்பவரென்றால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். குடி நின்று இரண்டு, மூன்று நாளில் வரும் டெலிரியத்துக்கு வைத்தியம் வேறு.

அம்மம்மாவுக்கு நூல் கட்டலாமா? (மாங்குளம்)

வார்ட்டில் கேட்டுவிட்டுத் தாராளமாகக் கட்டுங்கள். தீர்த்தம் மட்டும் வாயில் ஊற்றாதீர்கள். தடுமாறியிருப்பவருக்கு அது நுரையீரலுக்குள் போய்விடும்.