கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: என் வகுப்பில் பார்வையற்ற மாணவி ஒருத்தி படிக்கிறாள். பாடக்குறிப்புகளை நானே டைப் செய்து, பிடிஎஃப் ஆக்கி அனுப்புகிறேன். திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பான் போனில் இருந்தும், "ஒண்ணுமே புரியல மிஸ்" என்கிறாள். எங்கே சிக்கல்?
- ஓர் ஆசிரியை

பதில்: எனக்கும் பார்வை கிடையாது. உங்கள் கடிதத்தையே கணினி வாசிக்கத்தான் கேட்டேன். எந்த எழுத்துருவில் அடிக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பாமினி மாதிரிப் பழையதாக இருக்கும் என்பது என் ஊகம். அதில் 'அம்மா' என்று அடித்தால் உங்கள் கண்ணுக்கு அம்மாதான். உள்ளே பதிவாவதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச். மேலே தமிழ் வடிவம் போர்த்தியிருக்கிறது, அவ்வளவே. திரைவாசிப்பானுக்கு வடிவம் தெரியாது. உள்ளே இருப்பதைத்தான் வாசிக்கும். ஒரு பக்கம் முழுக்க அப்படிக் கேட்டால் தலை சுற்றிவிடும்!

இனி யூனிகோடில் அடியுங்கள்; அதில் தமிழ் எழுத்து உள்ளேயும் தமிழாகவே பதிவாகும். பழைய குறிப்புகளைத் தூக்கிப் போட வேண்டாம்; எழுத்துரு மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒருமுறை படித்துப் பாருங்கள், கொம்பும் காலும் எங்காவது பிசகியிருக்கலாம். யூனிகோடே ஆனாலும் பிடிஎஃப் ஆக்கும்போது தமிழ் சில நேரம் சிதையும் என்பதால், வேர்டு கோப்பாகவே அனுப்பிவிடுங்கள். சந்தேகம் வந்தால் பிடிஎஃப்பில் ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டுங்கள். தமிழாக வந்தால் பெரும்பாலும் சரி. ஆங்கிலக் குப்பை வந்தால் அவள் காதில் விழுவதும் அதுவே. புத்தகப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அது எழுத்தே இல்லை, வெறும் படம்.

முடிந்தால் என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானை உங்கள் கணினியில் போட்டு, திரையை அணைத்துவிட்டு, சொந்தக் குறிப்பைக் கேளுங்கள். "கீழே உள்ள படத்தைப் பார்" என்று எழுதிய இடமெல்லாம் அப்போது பிடிபடும். அங்கெல்லாம் படத்தில் இருப்பதை இரண்டு வரியில் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: காது கேளாத என் மகன் உதட்டசைவை நன்றாகப் படிப்பான். ஆசிரியர் நிதானமாகப் பேசினால் போதும்தானே?
- ஒரு தந்தை

பதில்: போதாது. கண்ணாடி முன் நின்று சத்தமில்லாமல் 'படம்', 'மடம்' என்று சொல்லிப் பார்க்கட்டும் ஆசிரியர். இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் ஒட்டிப் பிரியும். உங்கள் மகன் பாதியை ஊகித்தே ஓட்டுகிறான். புதுக் கலைச்சொல் வந்தால் ஊகம் எடுபடாது. அன்றைய புதுச் சொற்களை முன்கூட்டியே பலகையில் எழுதச் சொல்லுங்கள். எழுதி முடித்து, திரும்பி நின்ற பிறகே பேச வேண்டும். ஜன்னலுக்கு முதுகு காட்டியும் நிற்கக் கூடாது, முகம் இருட்டாகிவிடும்.