இண்டி பிளாட்ஃபார்மர், புதிர் கேம்கள்: கேட்டதும் சொன்னதும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கேம் செய்கிறவன் இல்லை, ஆடுகிறவன். அதுவும் குதித்துத் தாண்டும் பிளாட்ஃபார்மரும் புதிரும் மட்டும்தான். கார் கேம், துப்பாக்கி கேம் பற்றிக் கேட்டவர்கள் மன்னிக்கவும். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

கே: இண்டி கேம் என்றால் சின்ன கேம் என்று அர்த்தமா?

ப: பெரிய கம்பெனியின் பணமும் உத்தரவும் இல்லாமல் செய்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆள் குறைவு, அதனால் பெரும்பாலும் கேமும் சின்னது. ‘கேவ் ஸ்டோரி’யை ஜப்பானின் டைசுகே அமாயா தனி ஆளாக 5 வருடம் உட்கார்ந்து செய்தார். கதை, படம், இசை, புரோகிராம் எல்லாம் அவரே. 2004இல் இலவசமாகவே விட்டார். ஆனால் ‘ஹாலோ நைட்’ செய்த ஆஸ்திரேலியக் குழுவிலும் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான், அந்த கேமோ போய்க்கொண்டே இருக்கும். அளவை வைத்துச் சொல்ல முடியாது.

கே: அண்ணா, எல்லாரும் ‘செலெஸ்ட்’ என்று உயிரை விடுகிறார்கள். நான் வாங்கி முதல் அத்தியாயத்திலேயே ஐம்பது, அறுபது தடவை செத்துவிட்டேன். இதில் அப்படி என்ன இருக்கிறது?

ப: அறுபதெல்லாம் ஒரு கணக்கா தம்பி? எத்தனை தடவை செத்தீர்கள் என்று அந்த கேமே எண்ணிக் காட்டும், அதற்காக வெட்கப்படாதே, பெருமைப்படு என்று நடுவில் ஒரு அஞ்சலட்டையும் நீட்டும்.

மேடலின் என்ற பெண் ஒரு மலை ஏறுகிறாள், கதை அவ்வளவுதான். அவளுக்குத் தெரிந்தது மூன்று வேலை: குதிப்பது, சுவரைப் பிடித்து ஏறுவது, காற்றில் எட்டுத் திசையில் ஏதாவது ஒன்றில் ஒரே ஒரு தடவை பாய்வது. பாய்ச்சல் கையில் இருக்கும்வரை அவள் முடி சிவப்பு. பாய்ந்துவிட்டால் நீலம். தரையைத் தொட்டதும் மறுபடி சிவப்பு. திரையின் மூலையில் மீட்டர், கட்டம் எதுவும் கிடையாது. கண் எப்படியும் அவள் மேல்தான் இருக்கும், அதனால் சேதியை அவள் தலையிலேயே வைத்துவிட்டார்கள்.

அப்புறம் கண்ணுக்குத் தெரியாத சலுகைகள். விளிம்பைத் தாண்டிக் கால் காற்றில் போன பிறகும் சுமார் பத்தில் ஒரு நொடிக்குக் குதிக்கும் பட்டன் வேலை செய்யும். கார்ட்டூனில் ஓநாய் பாறையைத் தாண்டி அந்தரத்தில் நாலடி ஓடுமே, அதை நினைத்து இதற்கு ‘கொயோட்டி டைம்’ என்று பெயர். தரையைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே பட்டனை அழுத்திவிட்டாலும் அதை ஞாபகம் வைத்திருந்து, தொட்டதும் குதிக்கும். தலை ஒரு கட்டையின் மூலையில் லேசாக இடித்தால் அவளை ஓரமாக நகர்த்தி மேலே அனுப்பிவிடும். நாம் ‘அப்பாடா, சரியாகக் குதித்தேன்’ என்று நினைக்கும் பல இடங்களில் உண்மையில் சரியாகக் குதித்திருக்க மாட்டோம். செத்தாலும் கண் சிமிட்டுவதற்குள் அதே திரையின் தொடக்கத்தில் நிற்போம். ‘கேம் ஓவர்’ பலகையும் லோடிங்கும் இல்லாததால் கோபம் வர நேரமே கிடைக்காது. முதல் அத்தியாயத்தை மட்டும் முடித்துவிட்டு வாருங்கள், பேசலாம்.

கே: ‘செலெஸ்ட்’டில் ஆட்டத்தை எளிதாக்கும் அசிஸ்ட் மோடு போட்டு ஆடுவது திருட்டாட்டம் இல்லையா?

ப: செய்தவர்களே மெனுவில் வைத்திருக்கிறார்கள். கேமின் வேகத்தைப் பாதிவரை குறைக்கலாம், கை சோராமல் வைக்கலாம், சாகாமலும் ஆடலாம். நீங்கள் எப்படி ஆடினீர்கள் என்று எந்த அதிகாரி வந்து கேட்கப் போகிறார்? எனக்குத் தெரிந்த ஒருவருக்கு விரல் மூட்டில் வலி. அவர் 70 சதவீத வேகத்தில் ஆடி முடித்தார், என்னைவிட அதிகமாக ரசித்தார்.

கே: ‘பிரெய்ட்’ பற்றி ஏன் இவ்வளவு பேச்சு? நேரத்தைப் பின்னால் ஓட்டுவது 2003இல் வந்த ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’விலேயே இருந்ததே சார்.

ப: இருந்தது. ஆனால் அங்கே அது அளந்து கொடுக்கும் மருந்து, தவறினால் கொஞ்சம் பயன்படுத்திக்கொள்ளலாம். ஜொனாதன் புளோ 2008இல் செய்த ‘பிரெய்ட்’டில் அளவே இல்லை, லெவலின் ஆரம்பம்வரைகூட ஓட்டலாம். அப்படி விட்டால் சாவுக்கு மதிப்பே போய்விடும் அல்லவா? போகட்டும் என்று விட்டுவிட்டு, நேரத்தையே புதிராக்கிவிட்டார்.

ஒரு இடம் சொல்கிறேன், ஆரம்பத்தில் வருவதுதான். ஏறி வரவே முடியாத பள்ளத்தில் ஒரு சாவி. அதைச் சுற்றிப் பச்சையாக ஒளி மினுங்கும். பச்சை மினுங்கும் எதையும் நேரம் தொடாது. உள்ளே குதியுங்கள், சாவியை எடுங்கள், நேரத்தைப் பின்னால் ஓட்டுங்கள். நீங்கள் மேலே திரும்பிவிடுவீர்கள், சாவி கையிலேயே இருக்கும். விழுந்து கிடந்ததை மட்டும் நடக்காததாக்கி, எடுத்ததை வைத்துக்கொண்டீர்கள். அடுத்த உலகத்தில் வலது பக்கம் நடந்தால் நேரம் முன்னால் போகும், இடது பக்கம் நடந்தால் பின்னால் போகும், நின்றால் நின்றுவிடும். அதற்கடுத்ததில் நீங்கள் ஓட்டியழித்த காலத்தில் செய்த வேலையை உங்கள் நிழல் திரும்பச் செய்துகாட்டும். ஒவ்வொரு உலகத்துக்கும் ஒரே ஒரு விதி, அதை ஒட்டப் பிழிந்த பிறகுதான் அடுத்ததற்குப் போவார்.

உலகங்களுக்கு நடுவே படிக்கக் கொடுக்கும் உரைநடை மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை. ரொம்ப அலட்டல். தாண்டிப் போனாலும் நஷ்டமில்லை. ஆனால் கடைசி லெவலை யாரிடமும் கேட்காமல் பாருங்கள்.

கே: ‘பாபா இஸ் யூ’ புரிகிற மாதிரி சொல்ல முடியுமா?

ப: பின்லாந்தின் ஆர்வி டெய்காரி செய்து 2019இல் வந்தது. வெள்ளையாக ஒரு பிராணி, அதுதான் பாபா. பாபா நகரும் கட்டங்களிலேயே கேமின் விதிகளும் தள்ளக்கூடிய சொற்கட்டைகளாகக் கிடக்கும். ‘வால் இஸ் ஸ்டாப்’ என்று மூன்று கட்டை வரிசையாக இருக்கும்வரை சுவர் தடுக்கும். ஒரு கட்டையை இடித்துத் தள்ளிவிட்டால் சுவர் வெறும் படம், நடுவே புகுந்து நடக்கலாம். கொடியைத் தொட்டால் ஜெயிப்பது என்பதும் அப்படி ஒரு வரிதான். கொடிக்குப் போக வழியில்லை என்றால் பாறையைத் தொட்டால் ஜெயிப்பது என்று மாற்றி எழுதுங்கள். தப்பித்தவறி ‘பாபா இஸ் யூ’வை உடைத்துவிட்டால் நகர ஆளே இருக்காது. பதறவேண்டாம், ஒரு பட்டனில் ஒவ்வொரு அடியாகப் பின்வாங்கலாம்.

இருநூறுக்கு மேல் லெவல். பாதிக்கு மேல் எனக்குத் தலை சுற்றிவிட்டது. முடிக்கவில்லை, முடிப்பேன் என்றும் தோன்றவில்லை. ஆனாலும் யாரைக் கண்டாலும் இதைத்தான் சிபாரிசு செய்கிறேன்.

கே: பெட்டி தள்ளும் பழைய புதிரில் இனி என்ன புதுமை செய்ய முடியும்?

ப: ஜப்பானின் ஹிரோயுகி இமாபயாஷி செய்து 1982இல் வெளிவந்த ‘சோகோபன்’தான் இதற்கெல்லாம் பாட்டன். இன்னும் வம்சம் தழைத்துக்கொண்டே இருக்கிறது, ‘பாபா’வும் அதே குடும்பம்தான். ‘ஸ்டீபன்ஸ் சாசேஜ் ரோல்’ என்று 2016இல் ஒன்று வந்தது. பெட்டிக்குப் பதில் இரண்டு கட்டம் நீளமுள்ள சாசேஜ். அடுப்புக் கட்டத்தின் மேல் உருட்டி எல்லாப் பக்கமும் ஒரே ஒரு தடவை சுடவேண்டும். ஒரு பக்கம் இரண்டாவது தடவை அடுப்பைத் தொட்டால் கருகிவிடும். நம் ஆளே கையில் முள்கரண்டியோடு இரண்டு கட்டம் அடைக்கிறார், திரும்பவே இடம் வேண்டும். பார்க்க அழகில்லை, முதல் லெவலிலிருந்தே கருணையும் இல்லை. நான் ஆடியதிலேயே கடினமான புதிர் இதுதான். முதல் கேமாக யாரும் தொடவேண்டாம்.

இதே வகையில் சாந்தமாக வேண்டுமென்றால் ‘எ மான்ஸ்டர்ஸ் எக்ஸ்பெடிஷன்’. மரத்தை இடித்துச் சாய்த்து, கட்டையை உருட்டித் தண்ணீரில் தள்ளிப் பாலமாக்கி, தீவு தீவாகப் போகலாம். ஒன்றில் மாட்டினால் வேறு பக்கம் போய்விட்டு வரலாம்.

கே: மாட்டிக்கொண்டால் யூடியூபில் விடை பார்க்கலாமா?

ப: பாருங்கள், ஆனால் அன்றைக்கே பார்க்காதீர்கள். மூடி வைத்துவிட்டு மறுநாள் காலையில் திறந்தால் பாதிப் புதிர் தானாக அவிழும். என் தவறு பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இருக்கும்: ‘இது முடியாது’ என்று முதல் நிமிடத்திலேயே முடிவுகட்டிய ஏதோ ஒன்று உண்மையில் முடியும்.

கே: ‘லிம்போ’ பெரிதா, ‘இன்சைட்’ பெரிதா?

ப: இரண்டுமே டென்மார்க்கின் பிளேடெட் செய்தவை, 2010, 2016. என் ஓட்டு ‘இன்சைட்’டுக்கு. ‘லிம்போ’வின் கறுப்பு வெள்ளைக் காடும் அந்தச் சிலந்தியும் மறக்காது, ஆனால் அது நம்மை ஏமாற்றிக் கொல்லும். ஒரு பொறியைச் சமாளிக்கக் கற்றுக்கொண்டு அடுத்ததுக்குப் போனால், பார்க்க அதேபோல இருந்துகொண்டு நேர்மாறாக நடந்து நசுக்கும். முதல் தடவை சிரிக்கலாம், பிறகு சலிக்கும். ‘இன்சைட்’டில் கூரையில் தொங்கும் தலைக்கவசத்துக்குள் பையன் தலையைக் கொடுத்தால், தூரத்தில் கிடக்கும் உடல்கள் எழுந்து அவன் அசைவுப்படி நடக்கும். ஒரு வார்த்தை பேச்சில்லாமலே வயிற்றைக் கலக்கும். குழந்தைகளோடு உட்கார்ந்து ஆடுகிற கேம் இல்லை. இரண்டிலும் கேம் வடிவமைப்பைப் பார்த்துக்கொண்ட ஜெப்பே கார்ல்சன் பின்னால் வெளியே வந்து செய்த ‘கொக்கூன்’ (2023) கொஞ்சம் இதமானது.

கே: மூன்று, நான்கு மணி நேரத்தில் முடிந்துபோகும் கேமுக்குக் காசு கொடுப்பது தண்டம் இல்லையா?

ப: இல்லை. ஆனால் தள்ளுபடிக்குக் காத்திருங்கள், இந்த வகை கேம்கள் ஸ்டீம் என்ற இணையக் கடையில் அடிக்கடி பாதி விலைக்கும் கீழே வரும்.

கே: என்னிடம் இருப்பது பழைய ஆபீஸ் லேப்டாப், 4 ஜிபி ராம். ஏதாவது ஓடுமா?

ப: தாராளமாக. ‘கேவ் ஸ்டோரி’, ‘ஸ்பெலங்கி’யின் 2008 பதிப்பு இரண்டும் இலவசம், இரண்டும் ஓடும். ‘செலெஸ்ட்’டின் முதல் வடிவம் நான்கே நாளில் செய்த குட்டி கேம், பிரவுசரிலேயே ஆடலாம்.

காசு கொடுத்து வாங்குவதானால் டெர்ரி கேவனாவின் ‘விவிவிவிவிவி’ (2010). இதில் குதிப்பதே கிடையாது. பட்டனை அழுத்தினால் புவியீர்ப்பு தலைகீழாகும், கூரையில் போய் நிற்பீர்கள். ஒரு இடத்தில் முழங்கால் உயரக் கட்டை ஒன்று, அதற்கு அந்தப் பக்கம் மினுமினுப்பாக ஒரு பொருள். வேறு எந்த கேமிலும் ஒரு குதியில் தாண்டிவிடலாம். இங்கே குதிக்கத் தெரியாதே! கட்டைக்கு இந்தப் பக்கம் ஈர்ப்பைத் திருப்பி, முள் நிறைந்த அறைகள் வழியாக மேலே மேலே ‘விழுந்து’, உச்சியைத் தொட்டதும் மறுபடி திருப்பி, அதே முட்கள் வழியாகக் கீழே வந்து கட்டைக்கு அந்தப் பக்கம் இறங்கவேண்டும். எடுத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அதனால்தான் எல்லோரும் எடுக்கப் போகிறார்கள்.

‘அனிமல் வெல்’ (2024) பற்றியும் கேட்டிருந்தீர்கள். பில்லி பாசோ, கேமை ஓட்டும் அடிப்படை மென்பொருளான எஞ்சினையே சொந்தமாக எழுதிச் செய்தது, மொத்த கேமும் 40 எம்பிக்குள்தான். வாட்ஸ்அப்பில் வரும் கல்யாண வீடியோவே அதைவிடப் பெரிது. ஆனால் கோப்பு சின்னது என்பதற்காக எந்த கம்ப்யூட்டரிலும் ஓடும் என்று நினைக்கவேண்டாம், கிராபிக்ஸ் கொஞ்சம் கேட்கும். வாங்கும் முன் தேவைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கே: கீபோர்டா, கன்ட்ரோலரா?

ப: குதிப்பதற்குக் கன்ட்ரோலர், யோசிப்பதற்குக் கீபோர்டு.

கே: நம்மவர்கள் யாரும் இந்தப் பக்கம் வரவில்லையா?

ப: ‘வெண்பா’ (2023) ஆடவில்லையா? 1980களில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. குதிக்கும் கேம் அல்ல, ஆனால் புதிர் உண்டு. நாயகி வெண்பாவுக்கு அவள் அம்மா கொடுத்த சமையல் குறிப்பு நோட்டு கிழிந்தும் அழிந்தும் இருக்கும், விடுபட்டதை நாம் ஊகித்துச் சமைக்கவேண்டும். முதல் புதிரே இட்லி. புதிராகப் பார்த்தால் எளிது, நம் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இன்னும் எளிது. பிள்ளையோடு பேசும் இடங்களுக்காகத்தான் ஆடவேண்டும். இண்டி விழாவான ஐஜிஎஃப்பில் 2024க்கான பெரிய பரிசும் வாங்கியது.

கே: எனக்கும் ஒரு புதிர் கேம் செய்ய ஆசை. கோடிங் அரைகுறை. எங்கே தொடங்குவது?

ப: ‘பசில்ஸ்கிரிப்ட்’டைத் திறங்கள். சாசேஜ் புதிரைச் செய்த அதே ஸ்டீபன் லவேல் இலவசமாக விட்டது. பிரவுசரிலேயே எழுதி அங்கேயே ஆடிப் பார்க்கலாம். பெட்டி தள்ளும் விதி அதில் ஒரே ஒரு வரி. அந்த வரியில் தள்ளுவதை இழுப்பதாக மாற்றிப் பாருங்கள், அதற்கேற்ற மாதிரி ஐந்து லெவல் போடுங்கள், வீட்டில் யாரையாவது ஆடவைத்துப் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள். கதை, இசை, லோகோ எல்லாம் அப்புறம். பிளாட்ஃபார்மர் என்றால் ‘கோடோ’ எஞ்சின், அதுவும் இலவசம். ‘விவிவிவிவிவி’யின் மூல நிரலையே 2020இல் வெளியிட்டுவிட்டார்கள், தைரியமிருந்தால் திறந்து படியுங்கள். அது ஒன்றும் அழகான நிரல் இல்லை, பார்த்தால் நமக்கே நம்பிக்கை வரும்.

கே: ‘ஹாலோ நைட்’டின் அடுத்த பாகம் ‘சில்க்சாங்’ பற்றி ஒரு வரிகூடச் சொல்லவில்லையே?

ப: பாதியில் நிற்கிறேன். ஒரு பாஸ், அதாவது பெரிய எதிரி, வழிவிட மாட்டேன் என்கிறது. முடித்துவிட்டுச் சொல்கிறேன்.