பிளிட்ஸ் வருமா, வராதா? சேஃப்டியைப் பாருங்கள்

கேள்வி: அமெரிக்க ஃபுட்பாலைச் சில காலமாகத் தொலைக்காட்சியில் பார்த்து வருகிறேன். பந்து போகும் பக்கமே என் கண்ணும் போய்விடுகிறது. 2020இல் நியூயார்க் ஜெட்ஸ், ரெய்டர்ஸிடம் கடைசி நொடிகளில் தோற்ற காட்சியை அண்மையில் பார்த்தேன். ஜெட்ஸ் வீரர்கள் கூட்டமாகக் குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்கிறார்கள், அவர் பந்தை உயரத் தூக்கி எறிகிறார், ஆட்டம் முடிந்துவிடுகிறது. அந்தப் பயிற்சியாளரை இன்றும் திட்டுகிறார்கள். பந்து எறிபவரை விரட்டுவதில் என்ன தவறு? அப்படி ஒரு பாய்ச்சல் வரப்போகிறது என்பதை வீட்டிலிருந்து பார்ப்பவர் முன்கூட்டியே அறிய வழி உண்டா?

பதில்: வழி உண்டு. அதற்கு முதலில் ஒரு சின்னக் கணக்கு வேண்டும்.

களத்தில் ஓர் அணிக்கு 11 பேர். பந்தை வைத்திருக்கும் அணியில் குவார்ட்டர்பேக் ஒருவர். அவருக்கு முன்னால் அரணாக லைன்மேன்கள் ஐவர். இந்த ஐவரும் வழக்கமாக எறிபந்தைப் பிடிக்க உரிமை இல்லாதவர்கள். மீதி ஐவரில் யாரிடம் வேண்டுமானாலும் பந்து போகலாம். தற்காக்கும் அணி பொதுவாக நால்வரை அனுப்பிக் குவார்ட்டர்பேக்கை விரட்டும். எஞ்சிய எழுவர் அந்த ஐவரைக் காப்பார்கள். ஆக, பின்னால் இருவர் உபரி. தற்காப்புப் பயிற்சியாளர்களின் வித்தைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு உபரி ஆட்களை எங்கே நிறுத்துவது என்பதைப் பற்றியவைதான்.

ஐந்தாவது ஆளையும் விரட்ட அனுப்பினால் அது பிளிட்ஸ். அப்போது உபரி ஒருவராகக் குறைகிறது. ஆறாவது ஆளும் போனால் உபரியே இல்லை. ஐவருக்கு ஐவர், பின்னால் வெட்டவெளி. ஸ்லிப்பில் ஆட்களைக் குவித்தால் பவுண்டரி காலியாகும் என்ற கிரிக்கெட் கணக்கிலிருந்து இது அதிகம் மாறுபடவில்லை. ஆழத்தில் ஆளே இல்லாத இந்த ஏற்பாட்டைத்தான் கவர் 0 என்கிறார்கள். கவர் என்ற சொல்லுக்குப் பின்னால் வரும் எண், பெரும்பாலும் ஆழத்தில் எத்தனை பேர் காவல் என்பதைச் சொல்வது.

இனி ஜெட்ஸுக்கு வருவோம். 2020 டிசம்பர் 6. ஜெட்ஸ் 28–24 என்று முன்னிலையில் இருந்தது. ஆட்டம் முடிய 13 நொடிகள். பந்து ஜெட்ஸின் எல்லைக் கோட்டிலிருந்து 46 யார்டு தொலைவில். நான்கு புள்ளி பின்தங்கிய ரெய்டர்ஸுக்கு, மூன்று புள்ளி தரும் ஃபீல்டு கோல் உதவாது. எல்லைக்குள் பந்து போனால் மட்டுமே வெற்றி. அந்த நிலையில் தற்காப்புப் பயிற்சியாளர் கிரெக் வில்லியம்ஸ் கவர் 0 பிளிட்ஸைக் கேட்டார். ரெய்டர்ஸின் ஹென்றி ரக்ஸ், அந்த ஆண்டுத் தேர்வுச் சோதனையில் 40 யார்டை 4.27 நொடியில் ஓடியவர். அவருக்குக் காவல் நின்றவர் லமார் ஜாக்சன் (பால்டிமோரின் புகழ்பெற்ற குவார்ட்டர்பேக் அல்ல, அதே பெயர் கொண்ட கார்னர்பேக், அதாவது ஓரத்தில் ஓடிப் பந்து பிடிப்பவரைக் காப்பவர்). ஆட்டக்காரர் தேர்வில் எந்த அணியும் எடுக்காத, அந்த ஆண்டுதான் ஆட வந்த இளைஞர். ரக்ஸ் ஒரு போக்குக் காட்டினார். ஜாக்சன் ஏமாந்தார். பின்னால் திருத்துவதற்கு ஆள் இல்லை. ரெய்டர்ஸின் குவார்ட்டர்பேக் டெரக் கார் எறிந்த பந்து 46 யார்டு போய் விழுந்தபோது ஐந்து நொடிகள் மீதமிருந்தன. மறுநாள் வில்லியம்ஸுக்கு வேலை போயிற்று.

விரட்டியதே தவறு என்று நான் சொல்லமாட்டேன். எதை விலையாகக் கொடுத்து விரட்டினார் என்பதே கேள்வி. 20 யார்டு எறிந்தால்கூட ரெய்டர்ஸுக்கு அதிகப் பயனில்லாத நேரம் அது. ஒரே ஒரு வகை எறிதல்தான் ஜெட்ஸைத் தோற்கடிக்க முடியும். அந்த ஒன்றுக்கான வாசலைத்தான் அவர் திறந்து வைத்தார்.

அதே கவர் 0, 2021 நவம்பரில் மயாமி டால்ஃபின்ஸ் கையில் வேறு கதை சொல்லியது. பால்டிமோருக்கு எதிராக அவர்கள் ஏழெட்டுப் பேரைத் திரும்பத் திரும்பப் பந்து வைக்கப்பட்ட கோட்டருகே கொண்டுவந்து நிறுத்தினார்கள். சில முறை எல்லோரும் பாய்ந்தார்கள். சில முறை பாதிப் பேர் பின்வாங்கிப் பந்து வரும் வழியை மறித்தார்கள். எது நடக்கும் என்று தெரியாமல் பால்டிமோர் திணறி 22–10 என்று தோற்றது. விரட்டுவோர் எத்தனை பேர் என்பதைவிட, யார் வரப்போகிறார் என்ற ஐயமே குவார்ட்டர்பேக்கை அதிகம் வாட்டுகிறது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. பந்து ஸ்னாப் ஆவதற்கு முன், அதாவது மைய லைன்மேன் அதைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குவதற்கு முன், கேமரா அகலமாகக் காட்டும் இரண்டு மூன்று நொடிகளில் குவார்ட்டர்பேக்கைப் பார்க்காதீர்கள். களத்தின் பின்பகுதியில் நிற்கும் சேஃப்டிகளைத் தேடுங்கள். தொலைக்காட்சிச் சட்டகம் பல நேரம் அவர்களை வெட்டிவிடும் என்பது உண்மையான தொல்லை. ஆனாலும் மறுஒளிபரப்பிலும், 22 வீரர்களும் தெரியும்படி மேலிருந்து எடுத்த பதிவிலும் பார்த்துப் பழகினால், பிறகு அரைகுறையாகத் தெரிந்தாலே போதும்.

இரு சேஃப்டிகளும் ஆழத்தில், பக்கத்துக்கு ஒருவராக நின்றால் பெரும்பாலும் கவர் 2 அல்லது கவர் 4. ஒருவர் நட்ட நடுவிலும் மற்றவர் கீழே இறங்கியும் இருந்தால் கவர் 1 அல்லது கவர் 3. எவருமே ஆழத்தில் இல்லை, கோட்டருகே தலைகள் மிகுந்திருக்கின்றன என்றால் கவர் 0. நாற்காலியின் நுனிக்கு வந்துவிடுங்கள்.

அடுத்தது, இது ஆளுக்கு ஆள் காவலா, பகுதிக் காவலா என்பது. வர்ணனையாளர்கள் மேன் என்றும் ஸோன் என்றும் சொல்வது இவற்றைத்தான். இதைக் கண்டறியச் சுலபமான தருணம் ஒன்று உண்டு. ஸ்னாப்புக்கு முன் ரிசீவர் ஒருவர், அதாவது எறிபந்தைப் பிடிப்பவர், களத்தின் குறுக்கே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் ஓடுவார். அவர் பின்னாலேயே ஒரு காவலர் நிழல்போல் ஓடினால் ஆள் காவல். காவலர்கள் ஆளுக்கு ஓரடி நகர்ந்து இடத்தைச் சரிசெய்துகொண்டு நின்றுவிட்டால் பகுதிக் காவல். அந்த ஓட்டத்தை அணிகள் விடுவதற்கு இந்தத் தகவலும் ஒரு காரணம். கார்னர்பேக்கின் கண்ணும் காட்டிக்கொடுக்கும். ஆள் காவலில் அவர் தன் ரிசீவரின் இடுப்பையே பார்ப்பார். பகுதிக் காவலில் உடலைச் சற்றுத் திருப்பி, குவார்ட்டர்பேக்கைப் பார்த்தபடி நிற்பார். குவார்ட்டர்பேக் தானே ஓடக்கூடியவர் என்றால் ஆள் காவல் ஆபத்தானதும் இதனால்தான். காவலர்கள் எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டு ரிசீவர்களோடு ஓடிக்கொண்டிருக்கும்போது அவரை யார் பார்ப்பது?

பகுதிக் காவலுக்கும் ஓட்டைகள் உண்டு. களத்தின் அகலம் 53 யார்டுக்குச் சற்று மேல். கவர் 3இல் ஆழத்தை மூவர் பங்கிட்டால் ஆளுக்குச் சுமார் 18 யார்டு. நான்கு ரிசீவர்கள் நேராக ஓடினால் மூவருக்கு நால்வர் என்றாகிவிடும். நடுவில் நிற்கும் சேஃப்டி இருவருக்கு இடையே அல்லாடுவார். கவர் 2இல் இருவருக்கும் பாதிப் பாதி, அதாவது 26 யார்டுக்கு மேல். நடு ஆழம் பிளந்து கிடக்கும். அந்தப் பிளவை அடைக்க நடு லைன்பேக்கரை (தற்காப்பு முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவர்) ஸ்னாப் ஆனவுடன் திரும்பி ஆழத்துக்கு ஓடச் சொன்னார்கள் பயிற்சியாளர்கள் டோனி டங்கியும் மான்ட்டி கிஃபினும். 1970களில் பிட்ஸ்பர்க்கில் இருந்த யோசனைதான். டாம்பா பே அணியில் மெருகேறியதால் டாம்பா 2 என்று பெயர் நின்றுவிட்டது. 2003 ஜனவரியில் சூப்பர் பவுல் என்னும் இறுதிப் போட்டியில் அந்த அணி ரெய்டர்ஸின் ஐந்து எறிதல்களைப் பறித்து 48–21 என வென்றது. டங்கி அதற்குள் அந்த அணியை விட்டுப் போயிருந்தார், கிஃபின் இருந்தார். கவர் 4 ஆழத்தை நால்வரிடம் தருகிறது. பெரிய எறிதலுக்கு நல்ல மருந்து. ஆனால் ஐந்தாறு யார்டாகக் கொறித்துக்கொண்டே வரும் அணியிடம் பொறுமை வேண்டும்.

பிளிட்ஸுக்கு எதிரான பதில் எல்லோருக்கும் தெரிந்ததே: எவர் பாய்கிறாரோ அவர் விட்டுவந்த இடத்துக்குச் சட்டென்று எறிந்துவிடு. தற்காப்புப் பயிற்சியாளர் டிக் லெபோ 1980களில் சின்சினாட்டியில் இந்தப் பதிலையே பொறியாக மாற்றினார். ஒரு பக்கத்திலிருந்து லைன்பேக்கர்கள் இருவர் பாய்வார்கள். அதே நேரத்தில் பாயவேண்டிய தற்காப்பு முன்வரிசை லைன்மேன் ஒருவர் பின்வாங்கி, காலியாகும் இடத்தில் போய் நிற்பார். பாய்வோர் ஐவர் என்றாலும் பின்னால் அறுவர் பகுதி காப்பார்கள். 130 கிலோ மனிதர் அங்கே நிற்பார் என்று குவார்ட்டர்பேக் எதிர்பார்ப்பதில்லை. இதுதான் ஸோன் பிளிட்ஸ்.

2009 பிப்ரவரி 1 அன்று நடந்த சூப்பர் பவுலை எடுத்துப் பாருங்கள். லெபோவின் பிட்ஸ்பர்க் 10–7 என்று முன்னிலை. முதல் பாதி முடிய 18 நொடிகள். அரிசோனா எல்லைக்கு ஒரு யார்டு தொலைவில். லைன்பேக்கர் ஜேம்ஸ் ஹாரிசனுக்குத் தரப்பட்ட வேலை பாய்வது. அவர் பாய்வதுபோல் முன்னே வந்து, பின்வாங்கினார். பிளிட்ஸ் வருகிறது, உடனே எறியவேண்டும் என்று அரிசோனாவின் குவார்ட்டர்பேக் கர்ட் வார்னர் தன் ரிசீவர் அன்குவான் போல்டினை நோக்கி எறிந்தார். இடையில் ஹாரிசன். பறித்த பந்தோடு 100 யார்டு ஓடி மறுமுனையில் விழுந்தார். அரிசோனா 14–10 என்று முந்தியிருக்கவேண்டிய இடத்தில் 17–7 ஆயிற்று. பிட்ஸ்பர்க் வென்றது 27–23 என்று நான்கே புள்ளியில். பயிற்சியாளர் சொன்னதை மீறி ஹாரிசன் தானாக எடுத்த முடிவு அது. ஆனால் அப்படி யோசிக்கும் பழக்கம் லெபோவின் பட்டறையில் வந்தது என்றே நினைக்கிறேன்.

பாய்ச்சல் எங்கிருந்து வரும் என்று ஊகிக்க, எனக்குப் பிடித்த ஓர் அடையாளத்தைச் சொல்கிறேன். உள்பக்கம் நிற்கும் ரிசீவருக்கு, ஸ்லாட் என்பார்கள், நேரே ஒரு கார்னர்பேக் நிற்பார். ஸ்னாப்புக்குச் சற்றுமுன், பின்னால் நிற்கும் சேஃப்டி மெதுவாக அந்த ரிசீவரை நோக்கிச் சரியத் தொடங்குவார். அந்த இடத்தில்தான் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறாரே, இவர் ஏன் வருகிறார்? அந்த ஒருவர் பாயப்போகிறார். அவர் வேலையை ஏற்கவே இவர் வருகிறார். எவ்வளவுதான் நாடகம் ஆடினாலும், ஸ்னாப் நெருங்கும்போது இந்த நகர்வைச் செய்தே ஆகவேண்டும். தாக்கும் அணிக்குத் தரப்படும் 40 நொடிக் கடிகாரம் ஐந்துக்குக் கீழே இறங்கும்போது சேஃப்டியிடமிருந்து கண்ணை எடுக்காதீர்கள்.

நேர்மாறாக, மைய லைன்மேனின் இருபுறமும் மூக்கோடு மூக்கு உரசுவதுபோல் லைன்பேக்கர்கள் இருவர் வந்து நிற்பதைக் கண்டு உடனே நம்பிவிட வேண்டாம். பயிற்சியாளர் மைக் சிம்மர் மின்னசோட்டாவில் இதைக் கலையாகவே செய்தார். இருவரும் பாயலாம், ஒருவர் பாயலாம், இருவரும் பின்வாங்கலாம். அரணில் நிற்பவர்கள் இருவரையும் கணக்கில் கொள்ளவேண்டியிருப்பதால் ஓரத்தில் வருபவரைத் தடுக்க ஆள் குறைகிறது. பின்னால் இரு சேஃப்டிகளும் அசையாமல் ஆழத்தில் இருந்தால், முன்னால் எத்தனை தலைகள் தெரிந்தாலும் எல்லோரும் பாயப்போவதில்லை.

எப்போது எதிர்பார்க்கலாம்? மூன்றாவது டவுனில் (பத்து யார்டு முன்னேறத் தரப்படும் நான்கு வாய்ப்புகளில் மூன்றாவதில்) ஏழெட்டு யார்டு தேவைப்படும்போது. பிறகு எல்லைக் கோட்டுக்கு அருகில். அங்கே பின்னால் இருக்கும் வெற்றிடம், கோட்டுக்கு அப்பாலுள்ள பத்து யார்டு எண்ட் ஸோனையும் சேர்த்து, மிகக் குறைவு. ரக்ஸ் போன்றவரின் வேகம் அங்கே செல்லாது. அதனால் 46 யார்டில் மடத்தனமான அழைப்பு, ஐந்து யார்டில் நியாயமான அழைப்பாகிவிடும்.

இருந்தாலும் பிளிட்ஸ் என்பது இல்லாதவர் செய்யும் செலவு என்பதே என் எண்ணம். நால்வரே போதுமான அணிக்கு அது தேவைப்படுவதில்லை. 2008 பிப்ரவரி சூப்பர் பவுலில், தோல்வியே அறியாமல் வந்த நியூ இங்கிலாந்தின் குவார்ட்டர்பேக் டாம் பிரேடியை, பந்தை எறியும் முன்பே ஜயன்ட்ஸ் அணி ஐந்து முறை சாய்த்து 17–14 என வென்றது; அந்த நெருக்கடியில் பெரும்பகுதி முன்வரிசை நால்வரால் வந்தது. 2025 பிப்ரவரி சூப்பர் பவுலில் பிலடெல்ஃபியா இன்னும் ஒருபடி மேலே போயிற்று. அதன் தற்காப்புப் பயிற்சியாளர் விக் ஃபாஞ்சியோ, கேன்சஸ் சிட்டியின் குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸுக்கு எதிராக ஆட்டம் முழுவதும் ஒரு பிளிட்ஸ்கூட அனுப்பவில்லை. நால்வர் விரட்ட, எழுவர் காக்க, மஹோம்ஸ் ஆறு முறை சாய்க்கப்பட்டார். முதல் பாதியில் 24–0, முடிவில் 40–22.

ஆட்டத்தின் கால்பகுதி ஒன்றை இதற்கென ஒதுக்குங்கள். பந்தை விட்டுவிட்டு ஒரே ஒரு சேஃப்டியை மட்டும் தொடருங்கள்: ஸ்னாப்புக்கு முன் எங்கே நின்றார், ஆன ஒரு நொடியில் எங்கே இருந்தார். அவர் இடம் மாறினால் காவல் வேறாகிவிட்டது என்று பொருள். யார் பிடித்தார், எத்தனை யார்டு என்பதையெல்லாம் மறுஒளிபரப்பில் பார்த்துக்கொள்ளலாம்.