ரஷ் குழுவின் ‘மூவிங் பிக்சர்ஸ்’ ஆல்பத்தை இன்றும் ஏன் இவ்வளவு பேர் விரும்பிக் கேட்கிறார்கள்?

தாளக் கணக்குத் தெரியாதவரும் ரசிக்கலாம், கணக்குப் போட உட்கார்ந்தவருக்கு வியப்பு தீராது. நாற்பது வருடங்களுக்கு மேலாகியும் இந்த ஆல்பம் பழசாகாததற்கு நான் முதலில் சொல்லும் காரணம் இதுதான்.

கொஞ்சம் பின்னணி சொல்லிவிடுகிறேன். ரஷ் கனடாவின் டொரொன்டோவைச் சேர்ந்த ராக் இசைக்குழு. மூன்றே பேர். கெடி லீ பேஸ் கிட்டார், கீபோர்டு வாசித்துக்கொண்டே பாடுவார். கிட்டார் அலெக்ஸ் லைஃப்சன். டிரம்ஸ் வாசித்ததும் பெரும்பாலான பாடல் வரிகளை எழுதியதும் 2020இல் மறைந்த நீல் பீர்ட். எழுபதுகளில் இவர்கள் பெயர் வாங்கியது நீளமான பாடல்களால். 1976இல் வந்த ‘2112’ ஆல்பத்தின் தலைப்புப் பாடல் மட்டுமே இருபது நிமிடம், இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க. 1978இல் ‘ஹெமிஸ்பியர்ஸ்’ ஆல்பத்திலும் அதே கதை. அந்த வழியில் போகக்கூடிய தூரம் போய்விட்டார்கள். 1980இன் ‘பர்மனென்ட் வேவ்ஸ்’ ஆல்பத்தில் பாடல்களைச் சுருக்கத் தொடங்கி, அதே ஆண்டின் கடைசி மாதங்களில் கியூபெக்கில் ஏரிக்கரையில் இருந்த லெ ஸ்டூடியோவில் தயாரிப்பாளர் டெர்ரி பிரவுனோடு சேர்ந்து ‘மூவிங் பிக்சர்ஸ்’ பதிவு செய்தார்கள். 1981 பிப்ரவரியில் வெளிவந்தது. இருபது நிமிடப் பாடல்களில் தேறிய கைகள் பெரும்பாலும் நாலைந்து நிமிடப் பாடல்களுக்குள் இறங்கின. வித்தையை விட்டுவிடவில்லை, இன்னும் நெருக்கமாக அடுக்கினார்கள்.

‘டாம் சாயர்’ கேளுங்கள். சிந்தசைசரின் அடிவயிற்று உறுமலோடு தொடங்கி நேரான தாளத்தில் போகும். நடுவில் கீபோர்டு ஒரு வரியைப் பிடித்ததும் பாட்டு ஏழு எண்ணிக்கைக்கு மாறிவிடும். கர்நாடக இசையின் ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாப்பு பழகியவர்களுக்குக் கை தானாக எண்ணத் தொடங்கும். பழகாதவர்களுக்கு எதுவோ முன்னால் தள்ளுகிற மாதிரி மட்டும் தோன்றும். இரண்டு பேருக்கும் பாட்டு வேலை செய்கிறது. கிட்டார் தனி வாசிப்பு முடிந்ததும் பீர்ட் டிரம்களின் மேல் உருண்டு போகும் அந்தச் சில நொடிகள் இருக்கின்றனவே, டிரம்ஸ் கற்கிற பிள்ளைகள் இன்றும் மனப்பாடம் செய்வது அதைத்தான்.

எனக்கு மிகப் பிடித்தது ‘ஒய் ஒய் இசட்’. பாடலே இல்லை, முழுக்க வாத்தியம். அந்த மூன்று எழுத்துகள் டொரொன்டோ விமான நிலையத்தின் குறியீடு. விமானங்களுக்கு வழிகாட்டும் ரேடியோ சமிக்ஞையில் அது மோர்ஸ் ஒலியாக, அதாவது நெடிலும் குறிலுமான ஒலிகளால் எழுத்துகளைக் குறிக்கும் முறையில், திரும்பத் திரும்ப ஒலிக்கும். அதையே தொடக்கத் தாளமாக வைத்துக்கொண்டார்கள். நெடில் ஒலிக்கு இரண்டு, குறில் ஒலிக்கு ஒன்று என்று எண்ணுங்கள்: முதல் எழுத்துக்கு ஏழு, இரண்டாவதற்கும் ஏழு, மூன்றாவதற்கு ஆறு. மொத்தம் இருபது. அதாவது நந்நான்காக ஐந்து அடி. ஒரு விமான நிலையத்தின் அடையாள ஒலி அப்படியே சுத்தமான ஐந்தடித் தாளமாக வந்து விழுகிறது! முதலில் அதைச் சின்ன உலோக வட்டுகளில் பீர்ட் தட்டுவார், அப்புறம் மூன்று பேரும் சேர்ந்து அதே கணக்கில் இடிப்பார்கள். நடுவில் பேஸும் டிரம்ஸும் மாறி மாறிக் கேள்வி பதில் வாசிக்கும் இடம் வரும். இத்தனையும் நாலரை நிமிடத்துக்குள்.

நான் கொஞ்சம் பேஸ் வாசிப்பவன், அதனால் இதை அழுத்தியே சொல்வேன். பெரும்பாலான ராக் பதிவுகளில் பேஸ் கிட்டார் பின்னால் பதுங்கியிருக்கும். இங்கே அது முன்னால் வந்து நிற்கிறது. கெடி லீ பேஸில் ஓடிக்கொண்டிருக்கும்போது லைஃப்சன் திறந்த தந்திகளை அதிரவிட்டு அகலமான கார்டுகளால் (பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கூட்டுகளால்) மிச்ச இடத்தை நிரப்புகிறார். அவர் எவ்வளவு நல்ல கலைஞர் என்பது பலருக்கும் தாமதமாகத்தான் புரிகிறது. ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியாகப் பின்தொடர முடிகிற அளவுக்குப் பதிவு தெளிவு. நூறாவது தடவை கேட்கும்போது கூட அதுவரை கவனிக்காத ஒரு கை அசைவு பிடிபடும்.

வரிகளும் ஆல்பத்தைத் தாங்குகின்றன. ‘ரெட் பார்செட்டா’ ரிச்சர்ட் ஃபோஸ்டர் எழுதிய ஒரு சிறுகதையின் தூண்டுதலில் பிறந்தது. பழைய கார்களைச் சட்டம் தடை செய்துவிட்ட ஒரு காலத்தில், மாமா ஒளித்து வைத்திருக்கும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை ரகசியமாக ஓட்டிப் போகிறான் ஒருவன். காரின் வேகம் ஏற ஏற இசையும் கியர் மாற்றுகிறது. ‘லைம்லைட்’ புகழ் தனக்கு ஒத்துவரவில்லை என்று பீர்ட் மனம் திறந்து எழுதியது. முன்பின் தெரியாதவரிடம் நெடுநாள் நண்பனைப் போல நடிக்க முடியாது என்கிற அந்தக் கூச்சம் நிஜமானது, அவர் கடைசி வரை அப்படியே இருந்தார். இதில் லைஃப்சன் வாசிக்கும் தனி வாசிப்பு, தந்தியை இழுத்து நெளித்து, ஒரு தனிமை மனிதனின் குரல் மாதிரியே கேட்கும். ஆல்பத்தின் உச்சம் எனக்கு அந்த இடம்தான்.

இரண்டாம் பக்கத்தைப் பலர் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள், அது வருத்தம். நியூயார்க்கையும் லண்டனையும் பற்றிய ‘தி கேமரா ஐ’ கிட்டத்தட்ட பதினொரு நிமிடம், மெதுவாகத்தான் சூடேறும். பொறுமையாக இருங்கள். கும்பல் வெறியைப் பற்றிய ‘விட்ச் ஹன்ட்’ தொடக்கத்தில் கேட்கும் கூச்சல், ஸ்டூடியோவுக்கு வெளியே குளிரில் நின்று அவர்களே கத்திப் பதிவு செய்தது. அந்நியர்கள் மேல் பயத்தைக் கிளப்பி ஆட்களைத் திரட்டுவது பற்றி அந்தப் பாட்டு சொல்வதில் இன்றைக்குப் பொருந்தாத வரி ஒன்றுகூட இல்லை.

புதிதாகக் கேட்பவர்களுக்கு கெடி லீயின் உச்சக் குரல்தான் பெரிய தடையாக இருக்கும். எழுபதுகளின் ஆல்பங்களைவிட இதில் அவர் இறங்கித்தான் பாடுகிறார், அதனால் ரஷ் கேட்கத் தொடங்க இதுவே சரியான வாசல். ‘லைம்லைட்’டில் ஆரம்பியுங்கள், அடுத்து ‘ரெட் பார்செட்டா’. இரண்டும் பிடித்துவிட்டால் நல்ல ஹெட்ஃபோன் போட்டு, முதல் பாட்டிலிருந்து நாற்பது நிமிடமும் ஒரே மூச்சில் கேளுங்கள்.