டயலிசிஸ் செய்கிற மாமாவுக்குக் கொரோனா ஊசி போட்டுப் பிரயோசனம் உண்டா?

உங்கள் மாமா சிறுநீரகம் பழுதாகி, மெசினால் இரத்தம் சுத்தம் செய்கிற டயலிசிஸுக்குக் கிழமைக்கு இரண்டு தரம் போகிறவர், "எங்கட உடம்புக்கு ஊசி பிடிக்காதாம், பிறகு எதுக்கு?" என்று சொல்லி மறுக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இதே வசனத்தை எங்கள் வீட்டு விறாந்தையில் மாதக்கணக்காகக் கேட்டவள் நான். சொன்னவர் என் ஐயா.

நான் டாக்டர் இல்லை. ஒட்டுசுட்டான் பக்கம் வயல் செய்தவரின் மகள், 2019 இலிருந்து ஐயாவை டயலிசிஸுக்கு வவுனியாவுக்குக் கூட்டிக்கொண்டு போய்வருகிறவள், அவ்வளவுதான். "ஒரு ஆளின் கதையை வைத்து வைத்தியம் சொல்லாதே" என்று கீழே எழுதப் போகிறவர்கள் இதை வாசித்துவிட்டு எழுதுங்கள்.

மாமா சொல்வது முழுப் பொய்யில்லை. சிறுநீரகம் பழுதான உடம்பில் எதிர்ப்புச் சக்தியும் சோர்ந்துதான் கிடக்கும். ஊசி போட்டால் மற்றவர்களுக்கு ஏறுகிற அளவு ஏறாது, ஏறினதும் சில மாதங்களில் வேகமாக இறங்கிவிடும். மாற்றுச் சிறுநீரகம் வைத்து அதற்கு மருந்து குடிக்கிறவர்களுக்கு இன்னும் குறைவு. சரி, அதற்காக விட்டுவிடுவதா? டயலிசிஸ் தொடங்கியபோது ஐயாவுக்கு ஹெப்படைடிஸ் பி ஊசி போட்டார்கள், வழமையான அளவைப் போல இரண்டு மடங்கு. பிறகு இரத்தம் எடுத்து, பிடித்திருக்கிறதா என்றும் பார்த்தார்கள். அதை ஒருவரும் வேலை செய்யாத ஊசி என்று சொல்லவில்லை. இந்த உடம்புக்குக் கூடப் போட வேண்டும், திரும்பவும் போட வேண்டும். கொரோனாவிலும் அப்படித்தான். மூன்றாவது ஊசிக்குப் பிறகு டயலிசிஸ்காரரில் பெரும்பாலானவர்களுக்கு எதிர்ப்பு நன்றாக ஏறியதைப் பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள்.

நாங்கள் கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டில் இருக்கலாம், இவர்களால் முடியாது. 2021 ஆகஸ்ட் 20 இலிருந்து ஒக்டோபர் 1 வரை நாடே பூட்டிக் கிடந்தபோதும், ஐயா கிளினிக் கொப்பியைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு நெடுங்கேணி, புளியங்குளம் வழியாக ஓட்டோவில் போனார். நாலு மணித்தியாலம் ஒரே அறை, அடுத்தடுத்த கட்டில்கள். ஊசி வருவதற்கு முன் ஐரோப்பாவில் தொற்று வந்த டயலிசிஸ் நோயாளிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இறந்தார்கள்.

ஐயாவும் அடுத்த கட்டில்காரரும் ஒரே மாதத்தில்தான் இரண்டாவது சினோபார்ம் போட்டார்கள். அவர் செட்டிகுளம் ஆள். தண்ணி விடாய்க்கு ஒரு சின்ன ஐஸ் கட்டியை வாயில் அடக்கி வைத்திருக்க ஐயாவுக்குப் பழக்கியதே அவர்தான். மூன்றாவதாகப் பைசர் வந்தபோது ஐயா மாட்டேன் என்றார். நான் இரண்டு நாள் அவரோடு கதைக்காமல் இருந்துதான் போட வைத்தேன். செட்டிகுளத்தாரோ பொங்கல் முடியட்டும் என்றார். 2022 மாசியில் இரண்டு பேருக்கும் தொற்றியது. ஐயாவுக்கு நாலு நாள் காய்ச்சல், இருமல், ஒட்சிசன் தேவைப்படவில்லை. சுகமாகித் திரும்பப் போன அன்று பக்கத்துக் கட்டிலில் வேறு ஒருவர் படுத்திருந்தார்.

மூன்றாவதைப் போட்டிருந்தால் அவர் தப்பியிருப்பார் என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்குச் சீனி வருத்தம், இதயமும் பலவீனம். அவருடைய மகன் "ரெண்டு போட்டும் அப்பா போயிட்டார்தானே அக்கா" என்று கேட்டான். அவனோடு நான் வாதாடவில்லை. எங்கள் வீட்டில் இன்னொரு தரம் அந்த நிலை வந்தால் யோசிக்காமல் போட வைப்பேன்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். கனடாவில் ஒரு சித்தி இருக்கிறா. ஊசி நஞ்சு, கொத்தமல்லி அவித்துக் கொடு, இளநீர் கொடு, சுடுதண்ணி நிறையக் கொடு என்று கிழமைக்கு நாலு வாட்ஸ்அப் குரல் பதிவு. ஐயா குடிக்கிறதே அளந்த தண்ணி. இளநீரில் இருக்கிற பொற்றாசியம் டயலிசிஸ்காரருக்கு இதயத்தையே நிறுத்தக்கூடியது. நான் வயலுக்குப் போன நேரம் ஐயா இரண்டு இளநீர் வெட்டிக் குடித்துவிட்டு, அன்றிரவு நடக்கக் கால் வராமல் அம்புலன்ஸில் போனார். சித்தி இதுவரை ஓட்டோவுக்கு ஒரு சதம் அனுப்பினவ இல்லை. இதை எழுதினால் சொந்தத்துக்குள் சண்டை வரும், வரட்டும்.

மாமாவின் கிளினிக்கில் கேளுங்கள், கடைசி ஊசி போட்ட திகதியைச் சொல்லி. போடுகிற நாள் டயலிசிஸ் நாளாக இருந்தால் இரத்தம் உறையாமல் ஏற்றுகிற மருந்தால் ஊசி குத்தின இடம் கன்றிப்போகலாம், பஞ்சை வைத்துக் கொஞ்சம் கூட நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். பிஸ்டுலா, அதாவது டயலிசிஸுக்காக இரத்தக் குழாய்களை இணைத்து வைத்த இடம், இருக்கிற கையில் போட விடாதீர்கள். ஐயா அன்று தன்பாட்டில் இடது கைச் சட்டையைத்தான் மடித்தார், தோலுக்குக் கீழே மோட்டர் ஓடுவதுபோலக் கரகரவென்று துடிக்கிற அதே கை. நேர்ஸ் மிஸ் ஊசியைக் கையில் எடுத்துவிட்டா. நான் பின்னாலிருந்து "ஐயா, மற்றக் கை!" என்று கத்தினதில் வரிசையில் நின்ற எல்லாரும் வலது கையை நீட்டினார்கள்.