தோட்ட ஆபீஸுக்கும் ஈப்போவுக்கும் விபிஎன்: சோதனை நேரத்துக் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்ட ஆபீஸ்; ஈப்போவில் அதன் கணக்கு ஆபீஸ். இரண்டையும் வயர்கார்ட் என்ற விபிஎன் (இன்டர்நெட்டுக்குள் போடும் பூட்டிய தனி வழி) மூலம் இணைத்து, இப்போதைக்குப் பக்கத்துக்கு ஒரே ஒரு கம்ப்யூட்டரை வைத்துச் சோதித்து வருகிறேன். விஷயம் தெரிந்து ஆளாளுக்குக் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

இளைய கிராணி: அண்ணே, பிங் அடித்தால் பதில் வருகிறதே. அப்புறம் என்ன சோதனை? எல்லாக் கம்ப்யூட்டரையும் மாற்றிவிட வேண்டியதுதானே?

தம்பி, பிங் என்பது ‘இருக்கிறாயா’ என்று கேட்கும் சின்னச் செய்தி; அதற்குப் பதில் வந்தால் கதவு திறந்திருக்கிறது என்று அர்த்தம். பீரோ உள்ளே நுழையுமா என்பது வேறு கேள்வி. விண்டோஸ் பிங் சும்மா 32 பைட்தான் அனுப்பும். எங்களுக்கும் முதல் நாள் பிங் அழகாக வந்தது. செக்ரோல் (ஆட்களின் வேலைப் பதிவு) ஃபைலைத் திறந்தால் பாதியில் அப்படியே நின்றது.

காரணம் பாக்கெட்டின், அதாவது லைனில் ஒரே தடவையில் போகும் டேட்டா துண்டின் அளவு. சாதாரண பாக்கெட் அதிகபட்சம் 1500 பைட். ஃபைபர் லைனில் பிபிபிஓஇ (கம்பெனிக்குள் லாகின் செய்யும் முறை) இருந்தால் அது 8 பைட்டை எடுத்துக்கொள்ளும். வயர்கார்ட் தன் பங்குக்குப் பழைய முகவரி முறையான ஐபிவி4-இல் 60 பைட், புதிய ஐபிவி6-இல் 80 பைட் சேர்க்கும். அந்த 80-ஐக் கழித்துத்தான் அதன் எம்டியூ (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) பொதுவாக 1420 என்று இருக்கும். வழியில் பாக்கெட்டைத் துண்டாக உடைக்கக் கூடாது என்று சொல்லி 1392 பைட் பிங் அனுப்பிப் பாருங்கள். தலைப்பு 28 பைட் சேர்ந்து 1420 ஆகிவிடும். எங்களுக்கு அது போகவில்லை. இரண்டு பக்கமும் எம்டியூவை 1360 ஆக்கினேன், ஃபைல் திறந்தது.

கிராணியே மறுபடியும்: இரண்டு ஆபீஸிலும் கம்ப்யூட்டர்களின் முகவரி எண் 192.168.1 என்றுதான் தொடங்குகிறது. பரவாயில்லையா?

ஆகாது. இரண்டு வீட்டுக்கும் ஒரே கதவு எண் கொடுத்தால் தபால்காரர் என்ன செய்வார்? தோட்டத்துப் பக்கத்தை 192.168.20 ஆக்கினோம், அங்கேதான் சாமான் குறைவு. ஆனால் எடைமேடைக் கம்ப்யூட்டரில் யாரோ எந்தக் காலத்திலோ கையால் பழைய முகவரி எண்ணைப் போட்டு வைத்திருந்தார்கள். லாரி வந்து நின்ற பிறகுதான் அது தெரிந்தது. மாற்றுவதற்கு முன் பிரிண்டர், கேமரா எல்லாவற்றையும் ஒரு நடை சுற்றிப் பார்த்துவிடுங்கள்.

டவுனில் கடை வைத்திருக்கும் ஐயா: தோட்டத்தில் ஃபைபர் இல்லை, ஃபோர்ஜி சிம்தான் என்றார்கள். அதில் ஓடுமா?

ஓடும் ஐயா. ரூட்டரின் வேன் (WAN, இன்டர்நெட் பக்கத்து) முகவரி 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால், கம்பெனி பல பேரை ஒரே முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. வெளியிலிருந்து உங்களைக் கூப்பிட முடியாது. ஒரு பக்கம் மட்டும் வெளியில் தெரிந்தால் போதும். தோட்டம் ஈப்போவைக் கூப்பிடட்டும். கீப்பலைவை (சும்மா இருக்கும்போதும் போகும் சின்ன பாக்கெட்டை) 25 விநாடிக்கு ஒன்று என்று வையுங்கள், வழி மூடாது.

அதே ஐயா: இங்கே சாயங்காலம் ஆனால் இடி மின்னல். கரண்ட் போய் வந்தால் தானாக எழுந்துகொள்ளுமா?

இதைத்தான் எல்லாரும் சோதிக்காமல் விடுகிறார்கள். நான் வேண்டுமென்றே ரூட்டரின் பிளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிடம் கழித்துச் சொருகினேன். இன்டர்நெட் வந்தது. விபிஎன் வரவில்லை. பிழைச் செய்தியும் கிடையாது, ஊமை மாதிரி இருந்தது.

அரை நாள் தலையைச் சொறிந்த பிறகு ரூட்டரின் தேதியைப் பார்த்தேன். பல மாதம் பின்னால் நின்றது. மலிவான ரூட்டர்களில் கடிகாரத்துக்கு பேட்டரி இருக்காது. வயர்கார்டோ ஒவ்வொரு ஹேண்ட்ஷேக்கிலும் (இணையும் முன் இரு பக்கமும் செய்யும் கைகுலுக்கலிலும்) நேர முத்திரை வைத்து அனுப்பும். முன்பு பார்த்ததைவிடப் பழைய முத்திரை வந்தால், யாரோ பழைய பாக்கெட்டைப் பதிவு செய்து திருப்பி அனுப்புகிறார்கள் என்று எதிர்ப்பக்கம் பேசாமல் தள்ளிவிடும்.

சரி, ரூட்டர் நேரத்தை இன்டர்நெட்டில் திருத்திக்கொள்ள வேண்டாமா? அதை ஈப்போ சர்வரிடம், விபிஎன் வழியாகவே கேட்கும்படி வைத்த புத்திசாலி நான்தான். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்ற கதை. நேரத்தை நேராக இன்டர்நெட்டிலிருந்து எடுக்கச் சொன்னேன், இரண்டே நிமிடத்தில் இணைந்தது.

கணக்கு ஆபீஸ் அக்கா: கணக்கு சாஃப்ட்வேரை இங்கிருந்து திறந்தால் ஆமை வேகம். லைனை மாற்ற வேண்டுமா?

வேண்டாம் அக்கா. ஃபைலை நேராகத் திறந்தால் அது நூறு முறை அங்கும் இங்கும் ஓடும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தாமதம். நடுவில் லைன் அறுந்தால் டேட்டாவும் கெடலாம். சாஃப்ட்வேர் அங்கேயே ஓடட்டும், நீங்கள் ரிமோட் டெஸ்க்டாப்பில் திரையை மட்டும் பாருங்கள்.

அக்காவே: எத்தனை நாள் சோதித்தால் போதும்?

நாள் கணக்கு வேண்டாம், ஒரு சம்பளம் போடும் வரை. சட்டப்படி மாதம் முடிந்து ஏழாம் நாளுக்குள் சம்பளம் போக வேண்டும். அந்த வாரம்தான் லைன் நிரம்பும், எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்பார்கள். அதுவரை பழைய பென்டிரைவ் வழியை எடுத்துவிடாதீர்கள்.

கிராணி: கடைசியாக ஒன்று. தோட்டத்து ரூட்டரை ஈப்போவில் உட்கார்ந்தே விபிஎன் வழியாக மாற்றலாமா?

நுனிக்கிளையில் உட்கார்ந்துகொண்டு அடிக்கிளையை வெட்டுகிற வேலை அது. ஒரு எண் தப்பினால் முப்பது கிலோமீட்டர் வண்டி ஓட்ட வேண்டும். நான் ஓட்டினேன், அதுவும் மழையில். இப்போதெல்லாம் பழைய செட்டிங்கைச் சேமித்துவிட்டு, அங்கே ஒருவரை லேப்டாப்போடும் கைபேசி ஹாட்ஸ்பாட்டோடும் உட்கார வைத்த பிறகுதான் தொடுகிறேன். அடுத்த முறை உட்காரப் போவது நீதான்.