எல்லை வராது என்று புகாரைத் திருப்பி அனுப்பலாமா?

தங்கள் தாயாரின் சங்கிலி பறிபோன இடம் தமது நிலைய எல்லைக்குள் வராது என்று கூறி, அருகிலிருந்த காவல் நிலையத்தில் புகாரை வாங்க மறுத்ததாக எழுதியிருந்தீர்கள். அது முற்றிலும் தவறு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவின்படி, பறிப்பு போன்ற குற்றம் எங்கு நடந்திருந்தாலும் நிலையப் பொறுப்பு அதிகாரி புகாரைப் பெற்றாக வேண்டும். வாய்மொழியாகச் சொன்னால் எழுதி, படித்துக் காட்டி, கையொப்பம் வாங்க வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். புகார் பெற்றதற்கு ஒப்புகையாகத் தரும் வெறும் சி.எஸ்.ஆர். சீட்டோடு திரும்பிவிடாதீர்கள், அது முதல் தகவல் அறிக்கை ஆகாது. நகை வாங்கிய ரசீதையும், கழுத்துக் கீறலுக்குச் சிகிச்சை பெற்ற மருத்துவமனைச் சீட்டையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். மீண்டும் மறுத்தால், புகாரை எழுதி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் பலனில்லையென்றால் நீதித்துறை நடுவரிடம் மனு கொடுக்கலாம்.